புதுப்பிப்பு: தம்பிக்கு இடைநிலை இல்லம் கிடைத்தது (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

சுகர்ஸ் (ஹெராயின் கலந்த மலிவான போதைப்பொருள்) பழக்கத்தில் விழுந்த தம்பிக்கு இடைநிலை இல்லம் (போதையிலிருந்து மீள்பவர்கள் வீடு திரும்பும் முன் தங்கும் இடம்) கேட்டு இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, ‘சமூக மேம்பாட்டுத் துறைப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்’ என்று இங்கே பதில் எழுதிய ஒரு அண்ணா சொன்ன யோசனைதான். போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சை பற்றிய 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் சட்டப்படி இப்படிப்பட்ட இடங்களுக்குப் பதிவு கட்டாயம். நான் பேசி வைத்திருந்த இடத்தில் சான்றிதழ் கேட்டேன். அதோடு அவர்கள் என் போனை எடுப்பதே இல்லை!

பிறகு சான்காவில் (போதைப் பழக்கத்துக்கு உதவும் தொண்டு அமைப்பு) விசாரித்து, பதிவுள்ள சிகிச்சை மையத்தில் சேர்த்தோம். மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீடு) செலவை ஏற்க முடியாது என்று முதலில் கையை விரித்தார்கள். ‘பிஎம்பி’ (காப்பீடு கட்டாயம் தரவேண்டிய குறைந்தபட்சச் சலுகைகள்) என்று அழுத்திச் சொன்னதும் 3 நாள் நச்சு நீக்கம், 21 நாள் உள்சிகிச்சை இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்கள்.

எதிர்பாராதது: சிகிச்சை முடித்தவரைத்தான் இடைநிலை இல்லம் சேர்த்துக்கொண்டது. நான் தலைகீழாகத் தேடியிருக்கிறேன். நச்சு நீக்கம் நடந்த அந்த முதல் மூன்று நாள் தம்பி வெயிலிலும் போர்வைக்குள் நடுங்கினான், சோறு இறங்கவில்லை. போன ஞாயிறு பார்க்கப் போனபோது பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் டர்பன் உணவு) கேட்டான், அதுவும் ஆட்டுக்கறியில்.