அக்ரிலிக் ஷீட்டை வளைத்தால் உள்ளே குமிழ் குமிழாக வருகிறது, எங்கே தப்பு?

டீக்கடை மருமகன்:
மாமனார் கடையில் வடைப்பெட்டியின் முன்கண்ணாடி உடைந்துவிட்டது. பழையபடி தட்டைக் கண்ணாடி வேண்டாம், பேக்கரியில் இருப்பதுபோல வளைந்து இறங்குகிற மாதிரி அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். இதுவரை இரண்டு ஷீட் பாழ். மூன்றாவதையும் வீணாக்கினால் வீட்டில் பதில் சொல்ல முடியாது.

ஷீட் 4 மி.மீ. கனம், 600க்கு 420 என்று வெட்டியது. வளைவு கால் வட்டம், 120 மி.மீ. ஆரம். அச்சு ப்ளைவுட்டில் செய்தேன். சூடாக்க நானே அடித்த தகரப் பெட்டி இருக்கிறது. அடியில் 1000 வாட் காயில் இரண்டு, நடுவில் கம்பிவலை, மேல் மூலையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். 165 டிகிரியில் 12 நிமிடம் வைத்தேன். ஷீட் நன்றாக இளகுகிறது, வளைகிறது. ஆனால் உள்ளே சோடாவில் வருவதுபோல குமிழ்கள். ப்ளைவுட்டின் நரம்பு அப்படியே ஷீட்டில் பதிந்திருக்கிறது. வடைப்பெட்டியில் வைத்துப் பார்த்தால் நீளம் பத்து மி.மீ.க்கு மேல் பற்றவில்லை. கடைசியாக, பிசுக்குப் போகட்டும் என்று பெயின்ட் தின்னர் தொட்டுத் துடைத்தேன். துளை போட்ட இடத்தைச் சுற்றி முடி முடியாக விரிசல் விட்டுவிட்டது.

சைன்போர்டு அண்ணன்:
தம்பி, சூடு அதிகம். 140க்கு இறக்கிப் பாருங்கள். எழுத்துப் பலகைக்கு மடிக்கும்போது குமிழ் வந்தால் நாங்கள் முதலில் சூட்டைத்தான் குறைப்போம்.

டீக்கடை மருமகன்:
ஒரு துண்டை 140இல் வைத்துப் பார்த்தேன் அண்ணா. குமிழ் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஷீட் முரண்டு பிடிக்கிறது. பலம் கொடுத்து அமுக்க வேண்டியிருந்தது. கையை எடுத்ததும் பாதி நிமிர்ந்துவிட்டது.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
அப்படி அமுக்கி வளைக்காதீர்கள். அக்ரிலிக் 105 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும், ஆனால் நிம்மதியாக வளைய 150 முதல் 170 வரை வேண்டும். சூடு பற்றாமல் வளைத்தால் அந்த இழுவிசை உள்ளேயே உறைந்து நின்றுவிடும். இன்றைக்கு நன்றாகத்தான் தெரியும், நாலு நாள் கழித்து விரிசல் காட்டும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். குமிழ் ஷீட் முழுக்கவா, ஒரே இடத்திலா? ஷீட்டை எங்கே, எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? வளைப்பதற்கு முன்னும் பின்னும் நீளம், அகலம் இரண்டும் எவ்வளவு?

டீக்கடை மருமகன்:
இப்போதுதான் உற்றுப் பார்த்தேன் டீச்சர். கடுகில் பாதி அளவுக்குச் சின்னக் குமிழ் எல்லா இடத்திலும் இருக்கிறது. காயிலுக்கு நேர் மேலே மட்டும் பெரிய குமிழ், வரிசையாக. ஷீட் வாங்கி நாலு மாதம் ஆகிறது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் பையன் பாதி உரித்துவிட்டான். மழைக்காலம் முழுக்க மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்திருந்தேன். 600 இருந்தது 589 ஆகிவிட்டது, 420 இருந்தது 412.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
அப்படியானால் குமிழ் இரண்டு வகை. சின்னது ஈரம். அக்ரிலிக் காற்றிலிருந்து மெல்ல நீரை உறிஞ்சிக்கொள்ளும். வேகமாகச் சூடாக்கினால் அந்த நீர் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே ஆவியாகிக் குமிழாகும். பெரியது காயில் நேராகச் சுட்டது. அந்த இடத்தில் 165ஐத் தாண்டிப் போயிருக்கும். மூலையில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

நீளம் குறைந்தது உங்கள் தப்பு இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கியிருக்கிறது. காஸ்ட் ஷீட், அதாவது அச்சில் ஊற்றி உறைய வைத்த ஷீட், முதல் தடவை சூடேறும்போது அப்படித்தான் சுருங்கும், கனம் அதற்கேற்பக் கூடும். எக்ஸ்ட்ரூடட், அதாவது உருக்கிப் பிதுக்கி உருளையில் ஓட்டிய ஷீட்டாக இருந்தால் அது உருளையில் ஓடிய திசையில்தான் பெரிதாகச் சுருங்கும். ஆக, கடைக்காரர் உங்களுக்கு நல்ல காஸ்ட் ஷீட்தான் கொடுத்திருக்கிறார்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். மூன்றாவது ஷீட்டின் ஓரத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள். ஒன்றைக் காகிதம் உரித்து 80 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள், இன்னொன்றை அப்படியே வைத்திருங்கள். காலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 160இல் சூடாக்குங்கள்.

பழைய மெக்கானிக்:
அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். காயிலுக்கும் வலைக்கும் நடுவே ஒரு தகரத் தட்டைக் குறுக்கே வையுங்கள், நான்கு ஓரத்திலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு. அனல் நேராக அடிக்காமல் ஓரம் வழியாகச் சுற்றி மேலே வரும். உள்ளே ஒரு விசிறி சுற்றினால் இன்னும் நல்லது, மோட்டார் வெளியே, தண்டு மட்டும் உள்ளே. தெர்மோஸ்டாட் முனையை மூலையிலிருந்து எடுத்து ஷீட் இருக்கும் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வலை மேல் ஒரு பருத்தித் துணி விரிக்காவிட்டால் வலையின் கட்டமும் பதியும்.

இன்னொன்று. அக்ரிலிக் தீப்பிடிக்கும் பொருள். உருகி வெறும் காயிலில் சொட்டினால் பற்றிக்கொள்ளும். அதற்கும் அந்தத் தகரம் வேண்டும். வேலையைத் திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கேக் சுடும் ஓவனைத் தொடாதீர்கள்.

டீக்கடை மருமகன்:
பட்டை இரண்டையும் பார்த்தாயிற்று. உலர்த்தியது கண்ணாடி மாதிரி இருக்கிறது. உலர்த்தாததில் அதே கடுகுக் குமிழ். அடுப்பு ஒன்று, நேரம் ஒன்று, ஷீட்டும் ஒன்று! ஈரம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

சைன்போர்டு அண்ணன்:
சரிதான், நானும் இன்றைக்குக் கற்றுக்கொண்டேன். நாங்கள் வாங்கிய வாரத்திலேயே வெட்டித் தீர்த்துவிடுவோம், அதனால் ஈரம் நினைவுக்கு வரவில்லை. அச்சு மட்டும் என் ஏரியா. ப்ளைவுட்டை நன்றாக உப்புத்தாள் போட்டு இழைத்து, மேலே ஃபிளானல் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். பிசின் கட்டி தட்டினால் அதுவும் பதியும். அச்சைக் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு ஷீட்டைப் போடுங்கள். குளிர்ந்த அச்சில் பட்டால் பட்ட இடம் அலை அலையாகத் தெரியும்.

அப்புறம் அளவு. 120 ஆரம் என்று கணக்குப் போட்டு வெட்டினீர்களா? அது உள்பக்கம். 4 மி.மீ. ஷீட்டின் நடுக்கோடு 122இல் போகும். கால் வட்டத்துக்கு 192 மி.மீ. வரும். 120 வைத்தால் 188தான். எப்படியும் சுருங்கப் போகிறது, 620க்கு 435 என்று பெரிதாக வெட்டி, வளைத்து ஆறிய பிறகு ஓரத்தைச் சீவிக்கொள்ளுங்கள். துளையும் அப்புறம்தான்.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
நேரத்துக்கு, கனத்தில் மி.மீ.க்கு 3 நிமிடம் என்பது காற்று சுற்றும் அடுப்புக்குச் சொல்லும் உத்தேசக் கணக்கு. அதைவிடக் கையை நம்புங்கள். பருத்திக் கையுறை போட்டு ஒரு மூலையைத் தூக்கினால் ஈரத்துண்டு மாதிரி தொய்ய வேண்டும். அதற்கப்புறம் தாமதிக்காமல் அச்சுக்குப் போய்விட வேண்டும். வளைத்ததும் மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடுங்கள், 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கழற்றாதீர்கள். மின்விசிறி அடிக்கக் கூடாது.

விரிசலுக்குக் காரணம் தின்னர். ரம்பமும் துளைப்பானும் போன இடத்தில் இழுவிசை தங்கியிருக்கும், அங்கே தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் பிளந்துவிடும். சீவித் துளை போட்டபின் மறுபடி 80 டிகிரியில் நாலைந்து மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து உள்ளேயே ஆற விடுங்கள். குளோரோஃபார்ம் விட்டு ஒட்டுவதாக இருந்தால் இதை முடித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், அதுவும் காற்றோட்டமான இடத்தில்.

டீக்கடை மருமகன்:
ஞாயிற்றுக்கிழமை செய்தேன். குமிழ் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவசரத்தில் கோணலாகப் போட்டுவிட்டேன், ஒரு ஓரம் முறுக்கிக்கொண்டு நின்றது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

பழைய மெக்கானிக்:
வெட்டிவிடவில்லையே? மறுபடி அடுப்பில் வையுங்கள், தானாக நிமிர்ந்துவிடும்.

டீக்கடை மருமகன்:
நம்பவே முடியவில்லை அண்ணா. அடுப்புக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முறுக்கு மெல்ல அவிழ்ந்து, சுருண்ட ஓரம் படுத்து, பத்து நிமிடத்தில் தட்டை ஷீட்டாகக் கிடந்தது. இரண்டாவது தடவை என் மனைவி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், அச்சில் நேராக உட்கார்ந்துவிட்டது. அளவும் இந்த முறை குறையவில்லை.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
சுருக்கம் முதல் சூட்டிலேயே முடிந்துவிட்டது, அதனால்தான். கடையில் ஒன்று கவனியுங்கள். 80 டிகிரிக்கு மேல் இந்த ஷீட் தாங்காது. எண்ணெயிலிருந்து எடுத்த வடையோடு ஜல்லிக்கரண்டியை அதன் மேல் சாத்தினால் தடம் விழும். தட்டுக்கும் ஷீட்டுக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.

டீக்கடை மருமகன்:
மாமனாரிடம் சொல்லிவிட்டேன் டீச்சர். ஜல்லிக்கரண்டிக்கு எதிர்ப்பக்கம் ஆணி அடித்தாயிற்று. எண்ணெய்ப் பிசுக்குக்கு சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் வைத்திருக்கிறேன். தின்னர் டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.