ஏழாம் வகுப்பில் முதலில் எது: சேமிப்பா, வட்டிக் கணக்கா?

மன்னை_கணக்கு:
ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நிதிப் பாடம் என்றால் மாத பட்ஜெட், சேமிப்பு என்றுதான் தொடங்குகிறார்கள். மாதச் சம்பளம் வரும் வீட்டுக்கு அது பொருந்தும். சம்பா போட்ட வீட்டில் காசு வருவது தை, மாசியில். நாற்றங்கால், நடவு, உரம் என்று செலவு ஆவணியிலேயே தொடங்கிவிடும். இடைப்பட்ட மாதங்களைத் தாங்குவது கடன். அதனால் டெல்டாப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் வட்டியாக இருக்கட்டும் என்கிறேன்.

ஏழாம் வகுப்புக் கணக்கில் தனிவட்டி இருக்கிறது. ஆனால் அங்கே வட்டி என்றால் ஆண்டுக்கு. ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். 20,000 ரூபாயை ஆவணியில் வாங்கி மாசியில் திருப்பினால் ஆறு மாத வட்டி 2,400. புத்தகப் பழக்கத்தில் போடும் பிள்ளை 200 என்று எழுதும். சூத்திரத்தில் பிழையே இருக்காது, விடை மட்டும் பன்னிரண்டில் ஒரு பங்கு.

ஐயாறு_டீச்சர்:
கணக்கு சரி சார். ஆனால் வட்டிக்குக் கொடுப்பவர் பிள்ளையும் வாங்கியவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர் இது. 'உங்கள் வீட்டுக் கடனை எழுதி வா' என்று ஒரு தாள் கொடுத்தால் போதும், மறுநாள் பாதி வகுப்பு வெறும் தாளோடு வரும், மீதி பொய் எண் எழுதும். பன்னிரண்டு வயதில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2025 ஏப்ரல் சுற்றறிக்கையிலும் அதைச் சொல்லியிருக்கிறது. வரம்பை வங்கி முடிவு செய்யும். மீதிக்கு மேல் எடுக்க முடியாது என்பதால் கடனுக்கும் வழியில்லை. வைப்பு, எடுப்பு, மீதி என்று பாஸ்புக்கைப் படிக்கக் கற்றாலே எட்டாம் வகுப்புக்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

மன்னை_கணக்கு:
வீட்டு எண்ணை யாரும் கேட்க வேண்டாம் டீச்சர், அதில் உங்கள் பக்கம்தான் நான். கற்பனைக் குடும்பம் ஒன்று போதும்: 2 ஏக்கர், ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30. மொத்தம் 3,600 கிலோ. 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்குக் கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500. ஆக 90,000. இங்கேயே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது: நேரடி கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. 60 மூட்டை என்று கேட்டதும் மூட்டைக்கு 1,000 என்று பெருக்கி 60,000 என்பார்கள். முதலில் கிலோவுக்கு மாற்ற வைக்க வேண்டும். பிறகு ஆடி முதல் மாசி வரை எட்டுக் கட்டம் போட்டு, எந்த மாதம் கையில் காசு இல்லை என்று அவர்களே குறிக்கட்டும்.

சங்கக்கணக்கர்_திருவாரூர்:
அந்தக் கட்டத்தோடு நின்றால் பாடம் அரைகுறை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அப்படியிருந்தும் ஏன் வெளியே வாங்குகிறார்கள் என்று பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். சங்கம் சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (அதில் என்ன பயிர் என்ற பதிவு) கேட்கும். கோயில் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் பெயரில் சிட்டா கிடையாது. இதைச் சொல்லாமல் விட்டால், வெளியே கடன் வாங்குபவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அது அநியாயம்.

தண்டலையும் சேருங்கள். கையில் 9,000 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். '1,000 தானே, பதினோரு சதவீதம்' என்று தோன்றும். தினமும் அசல் குறைவதால் 100 நாளில் சராசரியாகக் கையில் நின்றது சுமார் 4,500 தான். 1,000-ஐ அதில் வகுத்தால் 22 சதவீதம், அதுவும் 100 நாளைக்கு. ஆண்டுக்குப் பார்த்தால் எண்பதை ஒட்டி வரும்.

ஐயாறு_டீச்சர்:
கோயில் குத்தகை விஷயம் நியாயம். ஆனால் இந்தச் சராசரி ஏழாம் வகுப்புக்கு எட்டாது. 'அசல் குறைகிறது' என்பதைப் பிடிக்காத பிள்ளை 4,500 எங்கிருந்து வந்தது என்று முழிக்கும். மனப்பாடமாகப் பாதியால் வகுக்கப் பழகினால், ஆறு மாதம் கழித்து அசலை மொத்தமாகத் திருப்பும் கடனுக்கும் பாதியாக்கிவிடும். உங்கள் 20,000 கணக்கே தப்பாகிப் போகும்.

சங்கக்கணக்கர்_திருவாரூர்:
அதற்குத்தான் புளியங்கொட்டை. 90 கொட்டை, ஒன்று 100 ரூபாய். பத்து நாளுக்கு ஒருமுறை 9 எடுத்து ஓரம் வைத்து மீதியை எழுதச் சொல்லுங்கள்: 90, 81, 72... கடைசியில் 0. வட்டிக்கான தினம் 10 ரூபாய் தனியே. பதினோரு எண்ணையும் கூட்டி வகுத்தால் 45 வரும், அதாவது 4,500. மொத்தமாகத் திருப்பும் கடனில் கடைசி நாள் வரை கொட்டை நகராது என்பதையும் பக்கத்திலேயே காட்டலாம். ஒரு பீரியடு போதாது, இரண்டு வேண்டும்.

ஐயாறு_டீச்சர்:
இரண்டு பீரியடு என்றால் எட்டாம் வகுப்புக்குத் தள்ளுங்கள். அங்கே கூட்டுவட்டி வருகிறது, சமூக அறிவியலில் பணம், சேமிப்பு, முதலீடு பற்றிய பாடமும் இருக்கிறது. ஏழில் மாத வட்டியை ஆண்டு வட்டியாக மாற்றுவதும் பாஸ்புக் படிப்பதும் போதும். சேமிப்பு முன்னால் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

மன்னை_கணக்கு:
எட்டில் தண்டல், சரி. ஆனால் ஏழில் பாஸ்புக்குக்கு முன்னால் எட்டுக் கட்ட அட்டவணை வரட்டும். புரட்டாசிக் கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்க்காத பிள்ளைக்கு, தை மாத 90,000-ல் எவ்வளவு ஒதுக்கிவைக்க வேண்டும் என்று எந்த பாஸ்புக்கும் சொல்லாது.