மாமா, சித்தப்பா எல்லாரையும் கேட்டாச்சு. இனி யாரைக் கேக்குறது?

வடகடல்97:
ஊர் தங்கச்சிமடம். இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்) முடிச்சு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ரெண்டரை வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தேன். பிப்ரவரியில ஒரு லைனை நிறுத்தி, பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நானும் அதுல ஒருத்தன். இப்ப மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. அப்பாவும் வீட்ல, நானும் வீட்ல. 61 நாளும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு கிடக்கோம்.

நௌக்ரி வேலை தேடுற வெப்சைட்ல நூத்தி நாப்பது இடத்துக்குப் போட்டேன். மூணு பேர் கூப்பிட்டாங்க, அதுல ஒருத்தன் பணம் கட்டச் சொன்னான். 'நெட்வொர்க்கிங் பண்ணுடா, நாலு பேரோட பழகி வேலை தேடு'ங்கிறாங்க. சரின்னு லிங்க்ட்இன்ல 43 பேருக்கு "சார், ஏதாவது வேகன்ஸி இருக்கா? ரெஸ்யூமே இணைச்சிருக்கேன்"னு அனுப்பினேன். ஒரு ஆள்கூட பதில் போடலை. சொந்தக்காரங்ககிட்டயும் சொல்லியாச்சு. அடுத்தவங்க வாசல்ல போய் நிக்க கூச்சமா இருக்கு. நிஜமாவே இது வேலைக்கு ஆகுமா?

பாம்பன்கச்சான்:
ஆகும் தம்பி. ஆனா நீ கேட்ட ஆளும் சரியில்ல, கேட்ட விதமும் சரியில்ல.

உங்க மாமாவுக்குத் தெரிஞ்ச சேதி ஏற்கெனவே உங்க வீட்டுக்குள்ள இருக்கு. ஒரே படகுல போறவன்கிட்ட மீன் எங்க கிடக்குன்னு கேட்டா அவன் என்னத்தைச் சொல்லுவான்? தென்கடல் சேதி தென்கடலுக்குப் போய்ட்டு வந்தவன்கிட்டதான் இருக்கும். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1973-லயே இதை எழுதி வச்சிருக்கார். பாஸ்டன் பக்கத்து ஊர்ல, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்களைப் பிடிச்சு, "சொன்ன ஆளை எத்தனை தடவை பார்ப்பீங்க?"ன்னு கேட்டார். நூத்துல 83 பேர் எப்பவாவது, இல்ல அபூர்வமா பார்க்கிற ஆள்னுதான் சொன்னாங்க.

என் கதையும் அதேதான். 2020-ல ஊரடங்கோட வேலை போச்சு. பொழுது போகாம ஒரு ஐஸ் பிளான்ட்ல போய் உக்காந்திருப்பேன். படகு ஓடாத நேரமாப் பார்த்து அமோனியா கம்ப்ரஸரைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. மதுரையில இருந்து வந்த சர்வீஸ் அண்ணனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். வேலை எதுவும் கேக்கலை. ரெண்டாம் நாள் மோட்டார் ஸ்டார்ட்டர் தகராறு பண்ணுச்சு. கான்டாக்டர் காயில் போயிருக்குன்னு நான் மல்டிமீட்டர் வச்சுக் காட்டுனேன். டீ குடிக்கும்போது அவராத்தான், "தூத்துக்குடியில ரீஃபர் கண்டெய்னர் (குளிர்பதனப் பெட்டி) பார்க்கிற யார்டுல ஆள் தேடுறாங்க, கரண்டு தெரிஞ்சவன் வேணுமாம், போறியா?"ன்னார். எந்த வெப்சைட்லயும் வராத வேலை அது. இன்னைக்கும் அங்கதான் இருக்கேன். இறால் பெட்டி மைனஸ் 18-ஐத் தாண்டி ஏறிச்சுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் ஃபோன் வரும், அது தனிப் புலம்பல்.

நீ அனுப்பின மெசேஜுக்கு அவர் என்ன பதில் போட முடியும்? 'இல்லை'ன்னுதான். சேதி கேளு, வேலை கேக்காதே. இப்படிப் போடு: "அண்ணே, நான் தங்கச்சிமடம். ஒரகடத்துல கன்வேயர், வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ்) பார்த்தவன். உங்க பிளான்ட்ல எந்த டிரைவ் ஓடுது? இப்ப இந்த வேலைக்கு எதைத் தெரிஞ்சு வச்சிருந்தா எடுக்கிறாங்க? பத்து நிமிஷம் பேச முடியுமா?" 43 பேர் வேண்டாம், வாரத்துக்கு அஞ்சு பேர். முதல்ல உன்கூட வெளிய வந்தாங்களே அந்தப் பத்து பேர், அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு விசாரிச்சியா?

உச்சிப்புளிக்காரி:
கச்சான் அண்ணே, நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா நான் போய் ஐஸ் பிளான்ட்ல உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள ஊர் முழுக்க வேற சேதி போயிரும். எனக்கு வழி விட்டது ராமநாதபுரம் வேலைவாய்ப்பு அலுவலகத்து தன்னார்வப் பயிலும் வட்டம். குரூப் 4-க்குப் படிக்கப் போனேன், பரீட்சை ஊத்திக்கிச்சு. பக்கத்துல உக்காந்து படிச்ச அக்கா ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சேர்ந்தாங்க. ஏழு மாசம் கழிச்சு, "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட ஆள் வேணும், வர்றியா?"ன்னு அவங்களே கூப்பிட்டாங்க.

கீழக்கரைகாக்கா:
துபாய்ல இருந்து எழுதுறேன். தம்பி, ரெஃபரல்னா, அதாவது வேலைக்கு ஒருத்தரைச் சிபாரிசு பண்றதுன்னா, எங்க பேரை அடகு வைக்கிற மாதிரி. நாளைக்கு நீ சொதப்புனா என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. உன் வேலையைப் பார்க்காதவன் தயங்குறது நியாயம்தானே? அதனால ரெஸ்யூமேல நீயே சரிபண்ணின பழுது ரெண்டை விவரமா எழுது.

இன்னொண்ணு. இந்தப் பக்கம் வர்றதா இருந்தா, 'தெரிஞ்சவர்'னு சொல்லிட்டு வர்ற ஏஜென்ட்டை மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பதிவு இருக்கான்னு பார்த்துட்டுப் பேசு. அவங்க வாங்கலாம்னு இருக்கிற சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சம் கேட்டா எந்திரிச்சு வந்துரு. விசிட் விசாவுல வந்து வேலை செய்யக் கூடாது.

வடகடல்97:
நன்றி அண்ணே, அக்கா, காக்கா. கூட வந்த பத்து பேர்ல நாலு பேருக்கு இப்பத்தான் ஃபோன் போட்டேன். ஒருத்தன் ஓசூர்ல சேர்ந்து மூணு வாரம் ஆச்சாம். "நீயா கேக்கலையேடா"ங்கிறான்!

எங்க ஊர் ஐஸ் பிளான்ட்லயும் கம்ப்ரஸரைப் பிரிக்கிறாங்களாம், அப்பா சொன்னார். ஆனா போன சீசன் ஐஸுக்கு அங்க அஞ்சாயிரம் பாக்கி நிக்குது. அதை அடைச்சாத்தான் உள்ள போக முடியும். அம்மாகிட்ட கேட்டிருக்கேன்.