ஜெனரலாக இருந்து அதிபரான யுதோயோனோ

ஈசூன்வாசி: 1973இல் ராணுவக் கழகத்தில் முதல் மாணவராகத் தேறிய சுசிலோ பம்பாங் யுதோயோனோ, 2004இல் இந்தோனேசிய மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் அதிபரானது எவ்வாறு?

நூலகப்பிரியர்: அமைச்சர் பதவியே வழிவகுத்தது. அதிபர் வாஹிட்டின் அமைச்சரவையில் எரிசக்தித் துறையையும், அவருக்குப் பின் அதிபரான மேகாவதியின்கீழ் அரசியல், பாதுகாப்பு ஒருங்கிணைப்பையும் கவனித்தவர், 2004 மார்ச்சில் பதவி விலகி, அதே மேகாவதியை அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு வாக்குகளுடன் தோற்கடித்தார்.

தேக்காநண்பர்: இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்துக்கான அமைதி உடன்பாடே அவருடைய பெருஞ்சாதனை என்பேன். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில், பிரிவினை கோரி ஆயுதமேந்திய இயக்கத்துடன் பேசித் தீர்த்தது ஒரு முன்னாள் ஜெனரலின் அரசாங்கம் என்பதைக் கவனியுங்கள்.

நூலகப்பிரியர்: உண்மைதான். ஆனால் சிங்கப்பூரில் நம்மவர்களுக்கு இந்தோனேசியக் காட்டுத்தீயால் வந்த புகைமூட்டமே நினைவுக்கு வரும்; 2013 ஜூனில் இங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டு, கடைகளில் முகக்கவசங்கள் தீர்ந்துபோன அந்த வாரத்துக்குப் பின், அவர் சிங்கப்பூரிடமும் மலேசியாவிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.