காக்கா 'தாத்தா' ஆகிறது: எந்தப் பயிற்சியில் தொடங்கலாம்?

வணக்கம். மகனுக்கு நாலரை வயது. காது பரிசோதனையில் குறை இல்லை, நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. வாயும் ஓயாது! ஆனால் 'க' எல்லாம் 'த'தான். காக்கா 'தாத்தா', கண் 'தண்'. வெளியாட்களுக்குப் பாதிப் பேச்சு விளங்குவதில்லை.

ஸ்பீச் தெரபிஸ்ட் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, 'க'வைத் தனி ஒலியாகப் பழக்கி, அப்புறம் சொல், வாக்கியம் என்று போவது. இன்னொன்று, காக்கா, தாத்தா படங்களை அருகருகே வைத்து, அவன் வாயில் வந்ததற்குரிய படத்தையே எடுத்துக் கொடுப்பது. காக்கா கேட்டவனுக்குத் தாத்தா கிடைத்தால், சொன்னது மாறிவிட்டது என்று அவனுக்கே உறைக்குமாம். எப்போதும் ஒரே மாதிரி மாற்றிச் சொல்வதால் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் நாக்கின் பின்பகுதியைத் தூக்கவே வராத பிள்ளைக்கு அது எரிச்சலைத்தான் தருமோ?

இதே சிக்கலைப் பார்த்த பெற்றோர் எதில் தொடங்கினீர்கள்? வீட்டில் தினமும் எவ்வளவு நேரம்? தெரபிஸ்டுகள் யாராவது இருந்தால், மல்லாந்து படுக்கவைத்து 'க' சொல்லவைப்பது உதவுமா என்றும் சொல்லுங்கள். விசில் ஊதுவது, நாக்கை நீட்டி மடக்குவது மட்டும் வேண்டாம். அவற்றால் உச்சரிப்பு திருந்தும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.