ஸ்டியரிங் கியர் காலம்: முதல் கார், முதல் பாடம்

சேலம்

நான் ஓட்டிப் பழகிய முதல் கார் எங்களுடையதல்ல, பெரிய மாமாவுடையது. அம்பாசிடர் மார்க் டூ. கறுப்பு நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து இருந்த காலம், 1974. கற்றுக்கொடுத்தவரும் மாமா இல்லை. டாக்ஸி ஸ்டாண்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணன், மாமா வெளியூர் போகும்போது இந்த வண்டிக்கும் டிரைவராக வருவார். அவரிடம்தான் என்னை ஒப்படைத்தார்கள்.

நான் நேராக டிரைவர் சீட்டில் போய் உட்காரலாம் என்று நினைத்தேன். அண்ணன் விடவில்லை. "முதல்ல பானெட்டைத் தெற தம்பி" என்றார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, திரும்பச் செருகி எடுத்து ஆயில் மட்டம் பார்க்க வேண்டும். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தி எவ்வளவு தொய்கிறது என்று பார்க்க வேண்டும். பல நாள் வரைக்கும் என் டிரைவிங் இவ்வளவுதான்.

அடுத்த பாடம் ஹேண்டில். பேட்டரி இறங்கிப்போனால் முன் பம்பருக்குள் கம்பியை விட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைக்கச் சொல்வார். கம்பியைச் சுற்றி வளைத்துப் பிடிக்கவே கூடாது. இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் போய்விடும். கீழே அமுக்கிச் சுற்றாதே, கீழிருந்து மேலே இழு என்பார். அப்படி இழுத்தால் கம்பி திருப்பி உதைத்தாலும் கையை விட்டு நழுவிவிடும். அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு மணிக்கட்டு உடைந்த கதையை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் கம்பியைக் கையில் கொடுப்பார்.

வண்டி ஓட்ட உட்கார்ந்த பிறகு பெரிய தலைவலி கியர்தான். இன்றைக்குப் போல இரண்டு சீட்டுக்கு நடுவில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருந்தது, டிரைவரோடு மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது கியர் பற்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் அமைப்பு, கிடையாது. ஓடுகிற வண்டியில் ஃபர்ஸ்டுக்கு இறங்கினால் கடகடவென்று கத்தும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை லேசாக ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்ச் மிதித்து கியரைப் போட வேண்டும். இதுதான் டபுள் கிளட்ச். மீட்டரைப் பார்த்து இதைச் செய்ய முடியாது, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ரேடியோ, பேச்சு எதுவும் இருக்கக்கூடாது என்று அண்ணன் சொன்னது அதனால்தான்.

கடைசிப் பரீட்சை ஏற்காடு மலை. இருபது கொண்டை ஊசி வளைவு. அதில் ஏறி இறங்கினவனுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன பயம்? உங்கள் முதல் வண்டி, கற்றுக்கொடுத்தவர், கற்றுக்கொண்ட இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

கோயம்புத்தூர்

நான் எழுதுவது பிரீமியர் பத்மினி பற்றி. அப்பா புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து எடுத்தது. அப்போதெல்லாம் கடைக்குப் போய்க் காசு கொடுத்துக் கார் வாங்கிவர முடியாது. அம்பாசிடர், பத்மினி, எங்கேயாவது ஒரு ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான் நாட்டிலேயே. முறை வந்து கடுதாசி வரும்போது வண்டியோடு நிறத்தையும் அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தால் எனக்கும் சொல்லிக்கொடுக்கணும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அம்மாவுக்கு இஷ்டமில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் என்னையும் எழுப்பினார். ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சுற்று. குளிர்கால காலையில் சோக்கை, அதாவது இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும் குமிழை, இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகச் சூடாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளணும். மறந்து அப்படியே விட்டால் பெட்ரோல் வாடையும் கறும்புகையும்.

மேட்டில் நிறுத்தி எடுக்கிற பாடத்துக்கு அப்பா டிக்கியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தார். பின் சக்கரத்துக்கு அடியில் அதைப் போட்டுவிட்டு, வண்டிக்கு வெளியே நின்றபடி "இப்ப எடு கண்ணு" என்பார். ஹாஃப் கிளட்ச் பிடிக்கும்போது முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொடுக்கும், அந்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கை விடணும். கொஞ்ச நாளில் கட்டை தேவைப்படவில்லை, ஆனால் அதை டிக்கியிலிருந்து எடுக்கவும் இல்லை.

ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் பர்லியாரில் நிற்போம். பலாப்பழம் வாங்க என்று நாங்கள் நினைப்போம், உண்மையில் வண்டிக்கு. வெயில் நாளில் மலை ஏறும்போது இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை இழுக்குமே தவிர பெட்ரோலை இழுக்காது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றுக்கும் இந்த வியாதி உண்டு, ஏர் லாக் என்பார்கள். ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு பழைய துண்டு, ஒரு குடம் தண்ணீர். வழியில் அப்பா இரண்டு விதிகள் சொல்வார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்கணும்.

லைசென்சுக்குப் போன அன்று வரிசையில் நான் ஒருத்திதான் பெண். இன்ஸ்பெக்டர் கை சிக்னல் எல்லாம் காட்டச் சொன்னார். வலது பக்கம் திரும்ப கையை நேராக நீட்டணும். இடது பக்கம் திரும்ப அதே வலது கையை நீட்டி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றணும். வேகம் குறைக்க உள்ளங்கையைக் கீழே பார்த்து மேலும் கீழும் ஆட்டணும். வளையல் கையோடு நான் சுற்றியதைப் பார்த்து அங்கே நின்ற டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு ஃபெயில். நான் பாஸ்.

யாழ்ப்பாணம்

எங்கட பக்கத்துக் கதை கொஞ்சம் வேற மாதிரி. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், இவை 1950களிலயே வந்த கார்கள். இந்தியாவில இருக்கிற ஆக்களுக்கு இவை கண்காட்சிப் பொருளாய் இருக்கலாம். எங்களுக்கு 1990களிலயும் கலியாணத்துக்கும் ஆசுப்பத்திரிக்கும் இந்தக் கார்தான். அப்பாவின்ர ஏ40 இல்தான் நான் பழகினன்.

போர்க்காலத்தில எங்கட பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் கண்ணாலயும் காணக் கிடையாது. ஒரு லீற்றர் வேண்டினால் அதைத் தங்கம் மாதிரி வைச்சிருப்பம். கார் ஓடினது மண்ணெண்ணெயில. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில ஸ்ராட் வராது, ஏனெண்டால் அது லேசில ஆவியாகாது. எனவே ஒரு சின்னப் போத்தலில பெற்றோல் வைச்சு, பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றருக்குள்ள சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்ப வேணும். சூடேறினதும் மண்ணெண்ணெயில தொடர்ந்து ஓடும். வெள்ளைப் புகையும் மணமும் தெரு முழுக்க. எங்கட கார் ஒழுங்கைக்குள்ள திரும்ப முதலே அம்மா கேத்திலை அடுப்பில வைச்சிடுவா.

பழைய எஞ்சின் எண்டபடியால்தான் இது சரிவந்தது. அமுக்கம் குறைஞ்ச எஞ்சின் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டுது. பிறகு வந்த யப்பான் கார்கள் இதில அவ்வளவாய்ச் சரிவரேல்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிப்போடும், அதால அடிக்கடி ஒயில் மாத்த வேணும். அந்த ஒயிலும் கிடைக்காது, அது வேற கதை.

நான் பழகேக்க அப்பா சொன்னது ஒண்டுதான். எஞ்சினை நிப்பாட்டாதை. நிப்பாட்டினால் திரும்பக் கிளப்பப் பெற்றோல் வேணும். கிளச்சில கால் நடுங்கினாலும் எஞ்சின் நிக்கக் கூடாது எண்டு பழகின ஆள் நான். அந்த ஒரு பாடத்தால, பிறகு எந்த வாகனத்தில ஏறினாலும் எனக்குப் பிரச்சினை இல்லை.

சென்னை

ஸ்டாண்டர்டு ஹெரால்டை யாரும் சொல்லவில்லையே! 1961இல் வந்த வண்டி, வண்டலூர் பக்கத்து ஃபேக்டரியில் செய்தது, நம்மூர் கார். பானெட்டைத் திறந்தால் முன் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தீவுத்திடலில் சித்தப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தபோது முதல் பாடமே ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வட்டம் போடுவதுதான். மயிலாப்பூர் சந்துக்குள் அம்பாசிடர்காரர்கள் முன்னே பின்னே போய்த் திணறும்போது நாங்கள் ஒரே மூச்சில் திரும்பிப் போவோம். அந்தத் திமிர் இன்னும் இருக்கிறது.

மதுரை

எல்லாரும் பழைய வண்டியைக் கொஞ்சுகிறீர்கள், கொஞ்சம் உண்மையும் பேசுவோம். அந்த ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மழையில் தண்ணீர் புகுந்தால் பிரேக் பிடிக்கிற வரைக்கும் சாமியைக் கூப்பிட வேண்டும். பிளாட்டினத்தை, அதாவது பிளக்கில் தீப்பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயின்ட்டை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். டிரைவருக்கு மெக்கானிக் வேலையும் தெரிந்திருந்தது அவன் திறமையால் இல்லை, வேறு வழியில்லாததால்.

என் முதல் கார் மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்தபோது அதன் சாவியை இந்திரா காந்தி கையால் கொடுத்தார். நான் வாங்கியது அதற்குச் சில வருஷம் கழித்து. 796 சிசி. சாவியைத் திருப்பினால் கிளம்பியது. எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

ஆனால் வேடிக்கை என் அப்பாவால் வந்தது. முப்பது வருஷம் ஸ்டியரிங் கியர் ஓட்டிய கை. மாருதியில் கியர் கீழே இருக்கிறது என்று தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. செகண்டு போட வேண்டிய நேரத்தில் இடது கை தானாக ஸ்டியரிங் பக்கம் போகும். அங்கே இருப்பது வைப்பர் லீவர். சித்திரை வெயிலில், சொட்டு மழை இல்லாத மாசி வீதியில், வைப்பர் சரக் சரக்கென்று ஓட, அப்பா கம்பீரமாக வண்டி ஓட்டிக்கொண்டு போவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். "கண்ணாடி தூசியா இருந்துச்சுடா" என்பார்.

சேலம்

மதுரைக்காரர் சொன்ன பிரேக் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. மழைத்தண்ணீரில் இறங்கி ஏறினால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காய வைக்கச் சொல்லி அண்ணன் கற்றுக்கொடுத்திருந்தார். திறமையா, வேறு வழியில்லாததா என்று கேட்டால் இரண்டும்தான்.

உங்கள் அப்பாவுக்குக் கை, எனக்குக் கால். அம்பாசிடரில் ஹெட்லைட்டை டிம் பண்ணும் பொத்தான் தரையில் கிளட்சுக்குப் பக்கத்தில் இருக்கும், இடது காலால் தட்ட வேண்டும். இப்போது பேரன் வாங்கியிருப்பது கியரே இல்லாத வண்டி, இடது காலுக்கு வேலையே கிடையாது. ராத்திரியில் எதிரே லாரி வந்தால் என் கால் இன்னும் தரையில் விரித்த வெறும் மிதியடியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. "தாத்தா, அது தானா டிம் ஆயிடும்" என்கிறான். ஆகிறதுதான், ஆனால் கொஞ்சம் லேட்டாக ஆகிறது என்பது என் அபிப்பிராயம்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு ஒரு கேள்வி. மண்ணெண்ணெயில் ஓடிய அந்த ஏ40 பிறகு என்ன ஆயிற்று?