புதுப்பிப்பு: பருப்பு இப்போது அடிப்பிடிப்பதில்லை
தனியாக வந்ததிலிருந்து வெளியில் சாப்பிட்டே காசு கரைகிறது, வீட்டில் பருப்பு வைத்தாலும் அடிப்பிடிக்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். அடிகனமான பாத்திரம், சின்னத் தீ என்று சொன்னவர்களுக்கு நன்றி. நிஜமாகவே அங்கேதான் கோளாறு. வெங்காயத்தை ஓரம் பழுப்பாகும்வரை வதக்கிச் சேர்த்தால் அதே பருப்புக்கு வேறு ருசி வந்துவிடுகிறது. (அவ்வளவு பொறுமைதான் எனக்கு இன்னும் கைவரவில்லை.) இரவே ஊறவைத்த ராஜ்மாவை 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடாவிட்டால் வயிற்றைக் கலக்கும் என்பது புதுச் செய்தி.

அப்புறம், மிச்சச் சோறு. ராத்திரி முழுக்க வெளியிலேயே விட்டு, காலையில் சுடவைத்துச் சாப்பிட்டு ஒருநாள் படுத்துவிட்டேன். சுடவைத்தால் எல்லாம் சரியாகிவிடாதாம். இப்போது 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விடுகிறது. முட்டை உடைக்கும்போது ஓடு விழுவது மட்டும் மாறவில்லை.